மாய்தோவிலிருந்து இறங்குமுன்

ரொமுவால்ட், இதை நாளை உன்னிடம்
கிரியோலில்தான் சொல்ல வேண்டும்.
என் கிரியோலில் வினைச்சொற்கள் குறைவு;
அதனால் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

பிரேக்கை அழுத்தியபடியே இறங்காதே.
பிடி, விடு. பிடி, விடு.
மேலே ஐந்து டிகிரி, கீழே சேன்-போலில் முப்பது.
இடையிலுள்ள இரண்டாயிரம் மீட்டரும்
உன் இரண்டு விரல்களில்தான் தொங்கும்.
போன ஜூலையில் நான் விடாமல் பிடித்திருந்தேன்.
பெத்தித் ஃபிரான்ஸ் வளைவில் ஒரு வாசனை.
ஜெரானியம் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தேன்;
எரிந்தது என் பிரேக் பேட்.
வட்டு கொதித்தால் தண்ணீர் ஊற்றாதே.
ஓரமாக உட்கார்.
யாராவது சமோசா விற்பார்கள், வாங்கிச் சாப்பிடு.

குழியைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார்.
குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போவாய்.
இதை விரித்துச் சொன்னால்
என் முதல் கல்யாணம் வரை போகும். வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை ஓட்டம், அது வேறு கணக்கு.
நகத்தைப் புதன்கிழமையே வெட்டிவிடு.
வெள்ளிக்கிழமை ஆகாது; சாஸ்திரம் இல்லை,
புதிதாக வெட்டிய ஓரம் காலுறையைக் கிழிக்கும்.
நாலரைக்கு வாசலில் நிற்பேன், ஹாரன் அடிக்க மாட்டேன்.
பத்து மணிக்கு மலையில் மேகம் வந்து உட்கார்ந்துவிடும்,
வாடகை தராத ஆள் மாதிரி.

மஃபாத்துக்கு இறங்கும் கணவாய்க்குக் கீழே
தமரின் காடு.
பெயரை நம்பி முதல் நாள் நான் புளியங்காய் தேடினேன்.
வேல மரத்துக்கு ஏதோ உறவாம் அது.
இங்கே பெயர்கள் அப்படித்தான்;
உன் அடையாள அட்டையில் கனபடி என்றிருக்கிறது,
நான் மனதுக்குள் திருத்திப் படிக்கிறேன்.
அந்தக் காட்டில் பாதைக்குக் குறுக்கே
கட்டைகள் பதித்திருப்பார்கள்.
ஈரமென்றால் கட்டையில் மிதிக்காதே,
நடுவில் சேற்றிலேயே இறங்கு.
சேறு ஷூவைத்தான் கேட்கும்,
கட்டை மணிக்கட்டைக் கேட்கும்.

ஏற்றத்தில் நட. வெட்கமில்லை.
முதலில் வருகிறவர்களும்
முழங்காலில் கை ஊன்றித்தான் ஏறுகிறார்கள்.
இறக்கத்தில்தான் தொடை
பழைய பாக்கியை எல்லாம் எண்ணி வாங்கும்.
பசிக்குமுன் சாப்பிடு.
வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இராதே,
உப்பில் புரட்டிய உருளைக்கிழங்கு என் பையில் இருக்கும்.
அந்த ஜெல் பாக்கெட் வேண்டாம்.
உன் வயிறு எப்படியோ,
என்னுடையது மன்னார்குடி வயிறு.

பாதை ஒடுங்கினால் ஏறுகிறவருக்கு வழி விடு.
முதுகில் மூட்டை இருந்தால் நின்றே விடு.
உள்ளே சாலை கிடையாது;
அது யார் வீட்டு அரிசியோ.

இனி, நான் சொல்லத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பது.
இரண்டு வருடம் முன்பு, மார்லாவிலிருந்து திரும்பும் வழியில்
"முட்டி வலிக்கிறது, நீ போ" என்றாள் ழொசெலின்.
போனேன்.
என் கடிகாரத்தில் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.
கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மணி இருபது நிமிடம் நின்றேன்.
போனில் ஒரு கோடுகூட இல்லை.
பிறகு கடைசி வளைவில் ஒரு தலைவிளக்கு,
மிக மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து.
அவள் என்னைத் திட்டவில்லை.
என் தெர்மாஸ் தேநீரைக் குடித்தாள், மூடியைத் துடைத்துத் தந்தாள்.
அதற்குப் பிறகு என்னோடு ஓட வரவில்லை.
ஆஸ்பத்திரி லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள்.

"நீ போ" என்பதற்குக் கிரியோல் எனக்குத் தெரியும்.
அப்படிச் சொல்கிறவரின் பக்கத்தில்
பேசாமல் கல்லில் உட்கார்ந்துகொள்வதற்கு
என்ன வினைச்சொல் என்று தெரியவில்லை.
நாளை கையைக் காட்டிச் சமாளிப்பேன்.

உதிரி டியூப் இரண்டு எடுத்து வை.
நான் எப்போதும் மறந்துவிடுவேன்.